முகமும் கணக்கும்: கம்பம் பள்ளத்தாக்கின் அன்றாடத் தொழில்வாழ்வைப் படம்பிடித்தல் – ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) திரைப்படத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சிற்றூர்களின் அன்றாட வாழ்வையும் சிறுதொழில்களையும் படம்பிடிக்கும் கேமரா பெரும்பாலும் தொழில் செய்பவரின் முகத்தையும் அவர் கையிலுள்ள கருவியையும் பதிவு செய்கிறது. தொழிலைத் தாங்கி நிற்கும் கடன், தவணை, எடை, காத்திருப்பு ஆகியவை சட்டகத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன. காலனிய இனவரைவியல் ஒளிப்படம், ஒளிப்பட நிலையப் படம், கடைச்சுவர்ப் படம் ஆகிய மூன்று மரபுகளை இக்கட்டுரை முதலில் சுருக்கமாக நோக்குகிறது. அதன்பின், தேனி மாவட்டத்தையும் அதனை ஒட்டிய மலைத்தொடரையும் களமாகக் கொண்ட ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படம் அம்மரபுகளிலிருந்து எங்கே விலகுகிறது, எங்கே விலகத் தவறுகிறது என்பதை ஆராய்கிறது. சுமையைக் காலமாகக் காட்டுவதில் வெற்றிபெறும் படம், கடனைக் காலமாகக் காட்டுமிடத்தில் சுருங்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கம்பம் பள்ளத்தாக்கு, ஒளிப்படம், ஒளிப்பதிவு, அன்றாடம், சிறுவணிகம், கடன், வகைமாதிரி, கருப்பொருள்.

முன்னுரை

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு ‘செய்தி’ என்பதனையும் சேர்த்தெண்ணுகிறது. செய்தி என்பதற்குத் தொழில் என்றே உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். தினைப்புனம் காத்தலும் ஆநிரை மேய்த்தலும் ஒரு நிலத்தின் அடையாளங்களாக அமைந்தன. எனினும் அகப்பாடலில் உரிப்பொருளே தலைமை உடையது. தொழில் அதற்குச் சூழலாக நிற்கும். இவ்வரிசை முறை செய்யுளோடு முடிந்துவிடவில்லை. கிராமத்தைக் காட்டும் தமிழ்த் திரைப்படங்கள் பலவற்றில் ஏரும் ஆடும் தேநீர்க்கடையும் காதலுக்கோ பகைக்கோ பின்னணியாக அமைந்துவருவதை இதன் தொடர்ச்சியாகக் கருத இடமுண்டு.

கம்பம் பள்ளத்தாக்கு இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்க நிலப்பகுதி. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா, பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து ஆகியோர் வழியாக இவ்வட்டாரம் தமிழ்த் திரையின் கிராமக் கற்பனைக்கு ஊற்றாக அமைந்தது. ஆயினும் படப்பிடிப்பு அரங்கிலிருந்து கேமராவை வெளிநிலத்திற்குக் கொண்டுவந்த படமாகப் போற்றப்படும் ‘16 வயதினிலே’ (1977) பெரும்பகுதி கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகால் பகுதிகளில் படமாக்கப்பட்டது. ஓர் ஊரின் சாயலை மற்றோர் ஊரில் எடுத்துவிட முடியும் என்பதை இது காட்டுகிறது. ஓர் ஊரின் தொழிலை அவ்வாறு வேறிடத்தில் எடுத்துவிட முடியுமா என்பது வேறு வினா.

லெனின் பாரதி இயக்கி, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்து, இளையராஜா இசையமைத்து, விஜய் சேதுபதி தயாரிப்பில் 2018 ஆகஸ்டில் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இவ்வினாவிற்கு விடை தேட ஏற்ற படம். ஏலக்காய்த் தோட்டத்திற்கும் அடிவாரத்திற்கும் இடையே சுமை தூக்கும் நிலமற்ற தொழிலாளி ரங்கசாமி, ஒரு துண்டு நிலம் வாங்க விரும்புவதே இதன் கதை. கேமரா ஒரு தொழிலை எவ்வாறு காண்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. ஆதலின், கதைச்சுருக்கத்திற்கு முன்பாகக் காட்சி மரபுகளை நோக்குவது தேவையாகிறது.

வகைமாதிரியாக்கும் கேமரா

இந்தியாவில் தொழில் செய்வோரைப் படம்பிடித்த முதற்பெரும் முயற்சிகள் ஆட்சியின் தேவைகளோடு பிணைந்தவை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ மக்களைக் குலம், குடி, தொழில் என்று பகுத்து ஒளிப்படங்களாக அடுக்கியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலிலும் படங்கள் இப்பணியையே செய்தன. இத்தகைய படங்களில் நிற்பவர் பெயரற்றவர். அவருக்குக் கீழே குலப்பெயரோ தொழிற்பெயரோ மட்டும் இருக்கும். குயவர் கையில் பானையும் நாவிதர் கையில் கத்தியும் இருந்தால் படம் நிறைவுற்றதாகக் கருதப்பட்டது. பானையை வாங்கியவர் யார், நெல்லாகத் தந்தாரா காசாகத் தந்தாரா, முன்பணம் பெற்றதா பாக்கி நின்றதா என்பன படத்தின் எல்லைக்குள் வரவில்லை.

வகைமாதிரி நோக்கு காலனியத்திற்கே உரியதன்று. ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர் 1929இல் வெளியிட்ட ‘காலத்தின் முகம்’ தொகுப்பில் 60 உருவப்படங்கள் உள்ளன. பலவற்றுக்கு ஆளின் பெயரில்லை, தொழிலே தலைப்பு. ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தன் சமூகத்தின் உழவரையும் அடுமனைக்காரரையும் வழக்கறிஞரையும் தொழிலதிபரையும் சாண்டர் ஒரே வரிசையில் நிறுத்தினார். எடுப்பவரின் வகுப்பும் படத்துக்குள் வந்தது. தர்ஸ்டனின் வரிசையில் ஆட்சியாளர் ஒரு வகைமாதிரியாக இடம்பெறவில்லை.

இம்மரபு இன்றும் மறையவில்லை. நாட்டார் வழக்காற்றியல், தொழிற்கலைச்சொல் ஆய்வு ஆகிய துறைகளில் அளிக்கப்படும் ஆய்வேடுகளின் பின்னிணைப்புப் படங்கள் இதற்குச் சான்று. மண்பாண்டம் வனைபவர், கூடை முடைபவர், சுமை தூக்குபவர் என்ற தலைப்புகளோடு அவை இடம்பெறுகின்றன. தகவலாளர் பட்டியலில் பெயரும் வயதும் உள்ள ஒருவர், படத்தின் கீழ் வரும்போது தொழிற்பெயராக மாறிவிடுகிறார். தமிழ் ஆய்வுலகம் காலனியப் பார்வையைக் கோட்பாட்டளவில் மறுத்துக்கொண்டே பின்னிணைப்பில் அதனைத் தொடர்வது கவனத்திற்குரிய முரண்.

ஒளிப்பட நிலையமும் கடைச்சுவரும்

வெளியிலிருந்து வந்த கேமரா தொழிலை உடைபோல் அணிவித்தது என்றால், உள்ளூர் ஒளிப்பட நிலையம் அதனைக் கழற்றி வைத்தது. மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்னும் சிறு தொழில்நகரத்தின் ஒளிப்பட நிலையங்களையும் ஆராய்ந்த கிறிஸ்டோபர் பின்னியின் ‘கேமரா இண்டிகா’ (1997), மக்கள் தம் அன்றாட அடையாளத்தைக் கடந்து வேறொருவராகத் தோன்றும் இடமாக நிலையத்தைக் காண்கிறது. தமிழகத்தின் சிற்றூர் நிலையங்களுக்கும் இது பொருந்தும். வரைந்த திரைச்சீலை, பூச்சாடி, நாற்காலி ஆகியவற்றின் நடுவே நிற்பவர் வெள்ளைச் சட்டையில் இருப்பார். அவர் சுமை தூக்குபவரா, மாவு அரைப்பவரா என்பதைப் படத்திலிருந்து அறிய இயலாது. தொழிலை மறைப்பது இங்கு குறைபாடாகாது. தொழிற்பெயரே குலப்பெயராக ஒட்டிக்கொள்ளும் சமூகத்தில், தொழில் தெரியாத படம் தன்மதிப்பின் வெளிப்பாடு. பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டமும் இணைந்து தமிழக நிலையப் படங்களை மின்னுருவாக்கிப் பாதுகாக்க முற்பட்டதன் இன்றியமையாமையை இப்பின்னணியில் உணரலாம்.

சிறுவணிகம் தன்னைத்தானே காட்டிக்கொள்ளும் மூன்றாவது இடம் கடைச்சுவர். கல்லாவிற்கு மேலே தெய்வப்படம், அதனருகே மாலையிட்ட நிறுவனர் படம், கடையின் பெயர் பொறித்த நாட்காட்டி ஆகியவை தமிழகக் கடைகளின் பொதுக்காட்சி. நாட்காட்டிப் படங்களின் பொருளாதாரத்தை ஆராய்ந்த கஜ்ரி ஜெயின், ‘காட்ஸ் இன் தி பஜார்’ (2007) நூலில் இப்படங்களைச் சந்தை உறவுகளோடும் நல்லெண்ணப் பரிமாற்றத்தோடும் இணைத்தே விளக்குகிறார். கம்பம் பள்ளத்தாக்கின் சுவர்களில் கூடுதலாக ஒரு படம் காணப்படும். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் உருவப்படமே அது. வீடுகளிலும் கடைகளிலும் தெய்வப் படங்களுக்கு இணையாக அது வைக்கப்படுகிறது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளைப் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடும் வழக்கமும் உண்டு. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயர் தாங்கியது.

இப்படம் ஒருவகையில் நன்றிக்கடனின் பதிவு. நீரால் விளைந்த செல்வத்திற்கு ஊர் தன் கடனை வெளிப்படையாகச் சுவரில் மாட்டி ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதே கடையின் மற்றொரு கடனுக்குப் படம் இல்லை. யார் எவ்வளவு பாக்கி, எந்த அறுவடைக்குத் தீர்ப்பது, தீராவிட்டால் எதை எழுதிக்கொடுப்பது என்பவை கல்லாவிற்குக் கீழே உள்ள கணக்கு நோட்டில் இருக்கின்றன. கடையின் முகம் சுவரில் உள்ளது. கடையின் உயிர் நோட்டில் உள்ளது. வகைமாதிரிப் படம், நிலையப் படம், சுவர்ப்படம் ஆகிய மூன்றும் முகத்தை வெவ்வேறு வகையில் காட்டுகின்றன. கணக்கைக் காட்டுவதில்லை என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன.

சுமை காலமாதல்

கம்பம் பள்ளத்தாக்கின் வணிகம் மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட போக்குவரத்தால் ஆனது. ஏலக்காய் விளைவது கேரளத்தின் இடுக்கி மலைகளில். அது ஏலம் போகும் பெருஞ்சந்தைகளுள் ஒன்று போடிநாயக்கனூர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் தமிழகத் தொழிலாளர் நாள்தோறும் மலையேறித் திரும்புகின்றனர். ஆகவே தேனியிலோ போடியிலோ ஒரு கடையை மட்டும் படமெடுத்தால் அதன் பாதி வணிகம் சட்டகத்திற்கு வெளியே மலைமேல் நிற்கும்.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இத்தொடர்பைக் காட்ட நடையைத் தேர்ந்துகொள்கிறது. படத்தின் முற்பகுதி ரங்கசாமி மலையேறுவதையும் சுமையோடு இறங்குவதையும் பொறுமையாகப் பின்தொடர்கிறது. கதையை நகர்த்தும் நிகழ்வு என்று சொல்லத்தக்கது இப்பகுதியில் குறைவு. தேநீர்க்கடை, வழியில் எதிர்ப்படுவோரின் பேச்சு, ஓய்விடம், மீண்டும் ஏற்றம் என்று காட்சிகள் அமைகின்றன. தொழிலாளியைக் கருவியோடு நிறுத்திவைத்து எடுக்கும் வகைமாதிரிப் படத்திற்கு இது நேர்மாறானது. வகைமாதிரிப் படத்தில் சுமை ஓர் அடையாளம். இங்கே சுமை என்பது செலவாகும் நேரம்; இளைக்கும் மூச்சு; வழுக்கும் பாறை. ஒரு மூட்டையின் எடையைப் பார்வையாளர் எண்ணால் அறிவதில்லை, காத்திருப்பதால் அறிகிறார்.

ஒளிப்பதிவின் தொலைவுத் தேர்வும் இதற்குத் துணைநிற்கிறது. மலையின் பேருருவை அகன்ற காட்சிகளில் காட்டும் தேனி ஈஸ்வரின் கேமரா, அதனுள் மனிதரைச் சிறு புள்ளியாக நகரவிடுகிறது. சுற்றுலாப் படங்களிலும் இதே பசுமையும் இதே பனிமூட்டமும் இடம்பெறும். ஆனால் அங்கு மனிதர் இல்லாமையே அழகுக்கு நிபந்தனை. இங்கோ அழகை ரசிக்கும் கண், நகரும் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்த பின்னரே அமைதி கொள்கிறது. நிலக்காட்சி என்பது ஒருவரின் பணியிடம் என்ற உணர்வு உரையாடலின் துணையின்றிப் பிறக்கிறது. இவ்வட்டாரத்து மக்களே பலர் நடித்திருப்பதும், அவர்கள் கேமராவிற்காக நில்லாமல் தம் போக்கில் பேசிக் கடப்பதும் இவ்வுணர்வை வலுப்படுத்துகின்றன.

ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் சரிந்து சிதறும் காட்சி இம்முறையின் உச்சம். இழப்பின் அளவை விளக்க எவரும் பேசவேண்டியதில்லை. அதுவரை கேமரா செலவிட்ட நேரமே இழப்பின் அளவாகிறது. முன்னுரையில் சுட்டிய கருப்பொருள், உரிப்பொருள் வரிசை இவ்விடத்தில் மாறுகிறது. தொழில் உணர்ச்சிக்குப் பின்னணியாக நிற்கவில்லை. தொழிலின் உடைவே உணர்ச்சியாக நிற்கிறது.

கடன் சுருங்குதல்

படத்தின் பிற்பகுதியில் ரங்கசாமிக்கு நிலம் கிடைக்கிறது. தொழிற்சங்கப் பூசலைத் தொடர்ந்த கொலை வழக்கில் அவன் சிறைசெல்கிறான். அவன் மனைவி ஈஸ்வரி நிலத்தைப் பேணுகிறாள். விதையும் உரமும் கடனாகத் தந்த வணிகரிடம் அந்நிலம் போய்ச் சேர்கிறது. திரும்பிவரும் ரங்கசாமி, தனக்குரியதாக இருந்த மண்ணில் எழுந்த காற்றாலைக்குக் காவலாளியாக அமர்கிறான். அவனைவிட்டு மேலெழுந்து விலகும் இறுதிக்காட்சியில் காற்றாலைகள் பரந்து தெரிகின்றன.

இம்முடிவின் வலிமை பலராலும் பாராட்டப்பட்டது, பாராட்டத்தக்கதே. ஆயினும் காட்சிக்கால நோக்கில் ஒரு சமனின்மை உண்டு. மலையேற்றத்திற்குப் படம் தந்த பொறுமையோடு ஒப்பிட்டால், நிலம் கைமாறும் ஆண்டுகளுக்குத் தந்த நேரம் மிகச் சிறிது. ஒரு மூட்டையின் எடையை உணர்த்தப் படத்தின் முற்பகுதி தேவைப்பட்டது. ஒரு பருவத்தின் உரக்கடன் அடுத்த பருவத்தின் விதைக்கடனாக மாறி, வட்டியோடு வளர்ந்து, பத்திரத்தை எட்டும் கதைக்கும் அதே பொறுமை வேண்டியிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் சிறுவணிகத்தில் இக்கொடுக்கல் வாங்கலே மையம். படம் அதனைச் செய்தியாகத் தெரிவித்துக் கடக்கிறது.

இச்சுருக்கத்தை வேறுவகையிலும் விளக்கலாம். கடனின் இயல்பே கண்ணுக்குத் தெரியாமல் வளர்வது. ரங்கசாமி அறியாததைப் பார்வையாளரும் அறியாமல் இருந்தால்தான் திரும்பிவரும்போது எழும் அதிர்ச்சி இருவருக்கும் பொதுவாகும். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே எனினும் அது ஒரு விலை கேட்கிறது. ரங்கசாமி இல்லாத ஆண்டுகளில் ஈஸ்வரி இருந்தாள். எத்தனை முறை கடைக்குச் சென்றாள், எவ்வாறு கேட்டாள், எந்த நோட்டில் கைநாட்டோ கையெழுத்தோ இட்டாள் என்பவை அவளுக்கு மறைபொருள் அல்ல. அவள் ஒவ்வொரு வரவையும் செலவையும் அறிந்தவள். கேமரா அவளோடு நடந்திருந்தால் கடனும் சுமையைப் போலவே காலமாகியிருக்கும். அது இல்லாதவனின் அறியாமையைப் பின்பற்றியதால், இருந்தவளின் அறிவு சட்டகத்திற்கு வெளியே போயிற்று. ஆணின் உழைப்பு நடையாகத் தெரிகிறது. பெண்ணின் உழைப்பு முடிவாக மட்டும் தெரிகிறது.

கடன் தந்த வணிகரின் சித்திரிப்பிலும் இதன் விளைவைக் காணலாம். கொடுக்கல் வாங்கலின் இடைநிலைகள் விடுபடும்போது அது ஒரு தனிமனிதரின் சூழ்ச்சியாகச் சுருங்கும் இடர் உள்ளது. சிற்றூர்க் கடை ஒரே நேரத்தில் உதவியிடமாகவும் சுரண்டலிடமாகவும் இயங்குகிறது. வங்கி தராதபோது கடைக்காரர் தருகிறார்; அதனாலேயே அவருக்குத் தப்பிச்செல்லவும் முடிவதில்லை. இந்த இரட்டைத்தன்மையே அந்நிலத்தின் உண்மை. தேநீர்க்கடையை இவ்வளவு அன்போடு நோக்கிய கேமரா, கடன் தரும் இடத்தையும் அதே நிதானத்தோடு நோக்கியிருக்கலாம்.

ஆய்வுப் பதிவிற்கு இப்படம் சுட்டுவன

திரைப்படம் ஒன்றின் நிறைகுறைகள் தமிழ் ஆய்வாளரின் களப்பணிக்கு நேரடிப் பயன் தருவன. ஒவ்வொரு களஆய்வாளரின் கையிலும் இன்று கேமரா உண்டு. தேனியின் வாரச்சந்தையிலோ சின்னமனூரின் கடைவீதியிலோ எடுக்கப்படும் படம் எதைப் பதிவு செய்கிறது என்ற வினா ஆய்வு நெறியின் பகுதியாக வேண்டும்.

முதலாவதாக, ஒரு தொழிலை ஒரே படத்தால் அல்லாமல் படவரிசையால் பதிவுசெய்வது தக்கது. காலையில் கடை திறத்தல், சரக்கு வருதல், எடைபோடுதல், பாக்கி குறித்தல், கடை அடைத்தல் எனத் தொடரும்போதே அது தொழிலாகிறது. இரண்டாவதாக, படத்தின் கீழுள்ள குறிப்பு தொழிற்பெயரோடு நின்றுவிடலாகாது. ஒப்புதல் தந்தவரின் பெயர், நாள், இடம், அன்றைய கூலி அல்லது விலை ஆகியவை இடம்பெற வேண்டும். பெயர் வேண்டாம் என்பவரின் விருப்பத்தையும் மதிக்க வேண்டும். நிலையப் படத்தில் தொழிலை மறைத்தவரின் உரிமையும் இதுவே. மூன்றாவதாக, முகம் எடுக்க இசைபவர் கணக்கு நோட்டை எடுக்க இசையாமல் இருக்கலாம். அம்மறுப்பும் தரவே. எது காட்டத்தக்கது, எது மறைக்கத்தக்கது என்று ஊர் வகுத்துள்ள எல்லையை அது புலப்படுத்தும். நான்காவதாக, கல்லாவில் அமர்ந்திருப்பவரைப் படமெடுக்கும் ஆய்வாளர், கடையின் பின்கட்டில் புடைத்து, பொட்டலம் கட்டி, வரவுசெலவை மனத்தில் வைத்திருப்பவரைத் தேடிச்செல்ல வேண்டும். ஈஸ்வரியைக் கேமரா தவறவிட்ட இடம் ஆய்வாளரும் எளிதில் தவறவிடும் இடம்.

முடிவுரை

சிற்றூரின் தொழில்வாழ்வைக் காலனிய ஒளிப்படம் வகைமாதிரியாக்கியது. ஒளிப்பட நிலையம் அதனை மறைத்து மதிப்பளித்தது. கடைச்சுவர் அதனை நல்லெண்ணமாக அலங்கரித்தது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இம்மூன்றிலிருந்தும் விலகி, தொழில் என்பது காலத்தில் நிகழும் ஒன்று என்பதைச் சுமையின் வழியாக நிறுவியது. கம்பம் பள்ளத்தாக்கை அழகிய பின்னணியாகக் கண்டு பழகிய திரைக்கு இது பெரிய மாற்றம். ஆனால் தோளில் ஏறும் சுமையைக் காட்டிய பொறுமை, நோட்டில் ஏறும் சுமைக்குக் கிட்டவில்லை. அந்நோட்டைப் பல ஆண்டுகள் அறிந்திருந்த பெண்ணின் பார்வையும் அதனோடு விடுபட்டது. கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி இனி எடுக்கப்படும் படங்களும் எழுதப்படும் ஆய்வேடுகளும் தொடங்கவேண்டிய இடம் அந்த விடுபடலே.